இரண்டு பக்கமும் உயிரோடு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் லைன் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆளும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சம்பளச் சீட்டில் மட்டும் பெயர் மிச்சமிருந்தது.

அது உறுப்பு ஒதுக்கீட்டு மையம். எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு மூளைச்சாவு ஏற்பட்டு, வீட்டார் சம்மதித்துவிட்டால், அவருடைய சிறுநீரகமோ கல்லீரலோ யாருக்குப் போக வேண்டும் என்பதை அங்கே இருந்த பட்டியல்தான் முடிவு செய்யும். ரத்தப் பிரிவு, காத்திருந்த காலம், பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து சர்வர் ஒரு பெயரை முன்னால் தள்ளும். அந்தப் பெயருக்கு உரியவரின் ஃபோனுக்கு அழைப்புப் போகும். மனிதர் யாரும் கை வைக்கக்கூடாது என்பதற்காகவே மெஷினிடம் விட்டிருந்தார்கள்.

சர்வர்கள் இரண்டு. ஒன்று மலையடி நகரத்தில், லைன் மேடம் உட்கார்ந்திருக்கும் கட்டடத்திலேயே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிரில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றது ஆற்றுக்கு அந்தப்புறம், வெகுதூரம் தள்ளி, துறைமுக நகரத்தில். மலையடி சர்வர்தான் முதலாளி. இங்கே எழுதப்படும் ஒவ்வொரு எழுத்தையும் துறைமுகத்து சர்வர் அங்கே பிரதியெடுத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கும். "நான் இருக்கேன், நீ இருக்கியா?" என்று இரண்டும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொள்ளும். ஒன்றிடமிருந்து பதில் வராமல் போனால் மற்றது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அந்தக் கேள்வியும் பதிலும் போய் வரும் பாதைதான் லைன் மேடத்தின் பாடு. ரவுட்டர்கள், ஃபைபர் கேபிள்கள், இரண்டு தனித்தனி கம்பெனிகளிடம் வாடகைக்கு எடுத்த இரண்டு லைன்கள். ஒன்று போனால் ஒன்று.

பதில் வரவில்லையென்றால் எதிர்ப்பக்கம் செத்துவிட்டதா, இல்லை நடுவில் இருக்கும் வயர்தான் அறுந்ததா என்பது எந்த மெஷினுக்கும் தெரியாது. அதற்காக மூன்றாவதாக ஒரு சின்ன மெஷினை, ஆற்றுக்கு அந்தப்புறமே வேறொரு ஊரில், வைத்திருந்தார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சியோடு பேச முடிந்த பக்கம் ஓடலாம். பேச முடியாத பக்கம் தானாக நின்றுவிட வேண்டும். அப்போதுதான் ஒரே நேரத்தில் இரண்டு முதலாளிகள் இருக்க மாட்டார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன வருடம் வெளியிலிருந்து ஒரு பெரிய குழு மையத்தைப் பார்வையிட வந்த அன்று, லைன் ஒரு கணம் தடுமாற, மலையடி சர்வர் விதிப்படி நின்றுவிட்டது. பெரிய திரையில் கறுப்பு. விருந்தினர்கள் காபிக் கோப்பையும் கையுமாக அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "இனிமே எது நடந்தாலும் நம்ம பக்கம் நிக்கக்கூடாது" என்றார்.

"சார், நிக்கறதுதான் அதுக்குப் பாதுகாப்பு."

"நிக்கறது பாதுகாப்பா? நல்லா இருக்கே உங்க கதை. மாத்துங்க."

அது ஆபத்து என்று அவள் இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். இரண்டுக்கும் 'பார்த்தேன்' என்று பதில் வந்தது. பிறகு, சாட்சியோடு பேச முடியாவிட்டாலும் மலையடி சர்வர் நிற்காதபடி மாற்றினாள்.

அவளுக்கு ஒரு தம்பி. பிறக்கும்போது உள்ளங்கை அளவே இருந்தான் என்று வீட்டில் வைத்த பெயர் சுண்டு. வளர்ந்து வாட்டசாட்டமான லிஃப்ட் மெக்கானிக் ஆன பிறகும் சுண்டுதான். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் மெஷினோடு கையைக் கட்டிக்கொண்டு படுப்பது அவன் வேலையாகிப் போயிருந்தது. தன்னுடையதைக் கொடுக்க லைன் மேடம் முதல் ஆளாகப் போய் நின்றாள். அவளுக்கே சர்க்கரை இருப்பதை அன்றைக்குத்தான் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். சுண்டுவின் மனைவிக்கு ரத்தப் பிரிவு ஒத்து வரவில்லை. ஆகவே பட்டியல். அவள் வேலை பார்க்கும் அதே பட்டியல்.

"நான் எத்தனை ஆயிரம் பேரை மேல ஏத்தி விட்டிருப்பேன்? நீ ஒருத்தனை ஏத்தி விட மாட்டியாக்கா?" என்பான்.

"வாயை மூடுடா."

"ஒரு மாடி போதும். படியில நடந்து வந்துக்கறேன்."

அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான். கடவுச்சொல் அவளிடம் இருந்தது. ஆனாலும் அவன் எத்தனையாவது இடத்தில் இருக்கிறான் என்று அவள் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது என்கிற பயம். அலுவலகத்தில் யாரிடமும் தம்பியைப் பற்றி வாய் திறந்ததும் இல்லை.

அன்று காலை டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, திரையில் இரண்டு லைன்களும் ஒரே நொடியில் சிவப்பாயின.

ஒன்று சிவப்பானால் அவள் அலட்டிக்கொள்ள மாட்டாள். வாரத்துக்கு ஒன்று அப்படி ஆகும். இரண்டும் சேர்ந்தாற்போலச் சிவந்ததை அவள் பார்த்ததே இல்லை. அவசரத்துக்கென்று சிம் போட்ட ரவுட்டர் ஒன்று இருந்தது. அது கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு அதுவும் அணைந்தது. துறைமுகத்தில் அவளைப் போலவே லைன் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். துறைமுகக்காரர் என்பதால் அவருக்குக் கப்பல் என்று பெயர். கப்பலுக்கு ஃபோன் போட்டாள். அவர் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான்.

முதல் கம்பெனிக்காரன் சொன்னான்: "ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல ரோடு அகலப்படுத்துறாங்க மேடம். தோண்டுற வண்டி கேபிளைப் பிடுங்கிடுச்சு."

இரண்டாவது கம்பெனிக்காரனைக் கூப்பிட்டாள். "ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல" என்று அவனும் ஆரம்பித்தான்.

"உங்க லைன் பாலத்து வழியா போகலைன்னு மேப் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே?"

"மேப் வேற டிபார்ட்மென்ட் மேடம்."

டூட்டி ஆபரேட்டர் பெண்ணிடம் திரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, லைன் மேடம் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள். அங்கே போய் அவள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு சிவப்புகளையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பாலத்தின் தலைமாட்டில் ஒரு குழி. குழியின் ஓரத்தில் இரண்டு கம்பெனிகளின் வேன்களும் சோடி போட்டு நின்றிருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரே குழாய். அது கிழிந்து, அதற்குள்ளிருந்து இரண்டு கம்பெனிகளின் கேபிள்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வெளியே தொங்கின. சிம் ரவுட்டரின் கம்பெனி டவருக்குப் போகும் கேபிளும் அதே கொத்தில் கிடந்தது; அவள் ஃபோன் வேறு கம்பெனி என்பதால் தப்பியது. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, நுனியோடு நுனி வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். இரண்டு கம்பெனி ஆட்களும் ஒரே குடை நிழலில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து அந்த வேலையில் இறங்கியிருந்தார்கள். தோண்டும் வண்டியின் டிரைவர் ஒரு கல்லில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கியிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்ணே?" என்று கேட்டாள்.

"ஆகும்மா" என்றார் ஒருவர், நிமிராமலே. "அவசரப்பட்டா ஒட்டாது."

அப்போதுதான் அவள் ஃபோன் அடித்தது. தம்பி.

"அக்கா! கூப்பிட்டுட்டாங்கக்கா!"

"யாருடா? என்னடா?"

"கிட்னி வந்திருக்காம்! எனக்குத்தானாம். மெசேஜ் வந்துச்சு, அப்புறம் ஆஸ்பத்திரிலேர்ந்தும் பேசிட்டாங்க. டாக்சில போய்ட்டிருக்கோம். இவ அழுதுக்கிட்டே வர்றா, டிரைவர் பயந்து போய் என்னையே பார்க்கறாரு. நீ வர்றியா?"

"வர்றேன்டா" என்றாள். "சுண்டு, எதுவும் சாப்பிடாதே. தண்ணிகூட வேணாம்."

"தண்ணியா? ஆபரேஷன் முடியட்டும், ஒரு பாட்டில் தண்ணியை வாயை எடுக்காம ஒரே மூச்சுல குடிக்கறேனா இல்லையான்னு பாரு. நாலு வருஷமா டம்ளர்ல அளந்து குடிச்சுச் செத்தேன்."

ஃபோனை வைத்ததும் அவள் அந்தக் குழியின் ஓரத்திலேயே, மண்ணென்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. குடைக்கடியில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, நல்ல சேதியா?" என்றார். "ஆமாண்ணே" என்றாள். அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் குழியை மறுபடி பார்த்தாள்.

லைன் அறுந்து கிடக்கிறது. அவள் கண்ணெதிரே கிடக்கிறது. அப்படியானால் சுண்டுவைக் கூப்பிட்டது எந்தப் பக்கம்?

ஆபரேட்டர் பெண்ணுக்கு ஃபோன் போட்டாள். "நம்ம சர்வர் ஓடுதா?"

"சூப்பரா ஓடுது மேடம். லைன் இல்லாமலே! இப்பதான் ஒரு கிட்னி அலாட் பண்ணிச்சு."

"டோனர் நம்பர் சொல்லு."

அவள் சொன்னாள். லைன் மேடம் அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். எழுதி முடிக்கவும் கப்பல் கூப்பிடவும் சரியாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க மேடம், காலைலேர்ந்து ஆளாளுக்கு ஃபோன். உங்க பக்கம் விழுந்ததும் நாங்க எடுத்துக்கிட்டோம். சாட்சி எங்ககூட நல்லா பேசுது. ஒண்ணும் கவலைப்படாதீங்க, எல்லாம் ஒழுங்கா போகுது. ஒரு கிட்னிகூட அலாட் ஆயிடுச்சு."

"டோனர் நம்பர்?"

அவர் சொல்லச் சொல்ல, அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி இலக்கம் வரை அதே நம்பர்.

"சார், எங்க பக்கம் விழலை."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"எங்களதும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. ரெண்டும் ஓடுது."

கப்பல், "ஐயையோ" என்றார் மெதுவாக.

நடந்தது இதுதான். இரண்டு நகரங்களுக்கும் நடுவில் ஒரு ஊர் ஆஸ்பத்திரியில், விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு மூளைச்சாவு ஏற்பட்டது. அவருடைய ஒரு சிறுநீரகம் நசுங்கியிருந்தது, ஒன்றுதான் தேறியது. அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர், சர்வர்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தாத பொது இன்டர்நெட் வழியாக, விவரத்தை மலையடிக்கு அனுப்பியது. பதில் வரத் தாமதமானதால், விதிப்படி துறைமுகத்துக்கும் அனுப்பியது. இரண்டு சர்வர்களும் வாங்கிக்கொண்டன. இரண்டும் நேர்மையாகத் தங்கள் பட்டியலைப் பார்த்தன. ஆனால் லைன் அறுந்த பிறகு துறைமுகத்தில் ஒரு பரிசோதனை முடிவு பதிவாகியிருந்தது. அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாவின் உடம்பு பெரும்பாலான சிறுநீரகங்களை ஏற்காது, அபூர்வமாக ஒன்றுதான் பொருந்தும், பொருந்துவது கிடைத்தால் அவருக்கே முதல் உரிமை என்று அந்த முடிவு சொன்னது. இந்தச் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தியது. துறைமுகத்துப் பட்டியலில் அவர் மேலே ஏறினார். மலையடி சர்வருக்கு அந்தச் சேதி எட்டவே இல்லை. அது தனக்குத் தெரிந்த பட்டியலில் மேலே இருந்தவனைக் கூப்பிட்டது.

ஆக, ஒரே சிறுநீரகத்துக்காக இரண்டு ஊர்களில் இரண்டு பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள்.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண் டாக்டர். எப்போதும் நடந்துகொண்டே பேசுகிறவர். லைன் மேடம் கூப்பிட்டபோது அவருக்கு விஷயம் பாதி தெரிந்திருந்தது.

"ரெண்டு ஆஸ்பத்திரியும் கிட்னி இருக்கற ஐஸ் பெட்டியைக் கேட்டு, அதை எடுத்த சர்ஜன் உயிரை எடுக்கறாங்க. ரெண்டு பேர்கிட்டயும் நம்ம சிஸ்டத்தோட ஆர்டர் இருக்கு. ரெண்டும் செல்லும். எது சரி? சீக்கிரம் சொல்லுங்க, நேரம் போகுது."

பாலத்தின் மேல் ஒரு லாரி போக, காலடியில் மண் அதிர்ந்தது.

"ஹலோ? இருக்கீங்களா?"

"டாக்டர், நான் சொல்லக்கூடாது. எங்க பக்கத்துல கூப்பிட்ட பேஷன்ட்... அவன் என் தம்பி."

இப்போது டாக்டர் நடப்பதை நிறுத்திவிட்டது தெரிந்தது. செருப்புச் சத்தம் நின்றது.

"சொந்தத் தம்பியா?"

"கூடப் பிறந்தவன்."

"இயக்குநர் ஃபோனை எடுக்கல. துறைமுகத்துக்காரர் அவர் பக்கம்தான் சரிங்கறார். அவர் அப்படித்தான் சொல்வார். நீங்க அவரை மறுத்து ஒரு வார்த்தை சொன்னா எனக்கு அதுக்கு மேல விசாரிக்க ஆள் இல்ல." டாக்டரின் குரல் தழைந்தது. "நான் யாருக்குக் கொடுக்கணும்னு உங்களைக் கேக்கல. எந்த மெஷின் நின்னிருக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."

குழிக்குள் இருந்தவர் ஒரு இழையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களது" என்றாள் லைன் மேடம். "சாட்சி எங்க பக்கம் இல்ல. நாங்க நின்னிருக்கணும்."

"சரி" என்றார் டாக்டர். "ஆஸ்பத்திரில டாக்டரை விட்டுச் சொல்லச் சொல்றேன். நீங்க போகவேண்டாம்" என்றார்.

"வேணாம் டாக்டர். நானே போறேன்."

ஆஸ்பத்திரி வரை வண்டியை எப்படி ஓட்டினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனாள். வழியில் ஆபரேட்டர் பெண்ணைக் கூப்பிட்டு மலையடி சர்வரை நிறுத்தச் சொன்னாள். "நல்லா ஓடற மெஷினையா மேடம்?" என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு நிறுத்தினாள்.

சுண்டு பச்சை அங்கி போட்டு, தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். இடது கையில் டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. அந்தக் கையால்தான் மனைவியின் கையைப் பிடித்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"வா வா. இந்தத் தொப்பில நான் எப்படி இருக்கேன்? இட்லி வேக வைக்கற துணி மாதிரி இருக்குன்னு இவ சொல்றா."

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுண்டுவின் மனைவிதான் முதலில் கவனித்தாள். "என்னக்கா? என்ன ஆச்சு?"

"சுண்டு..."

"சொல்லு."

"ஆபரேஷன் இல்லடா."

அவன் சிரித்தபடியே இருந்தான். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு சிரிப்பு உதட்டில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்க, கண்கள் மாறின. அவள் சொன்னாள். லைன் அறுந்ததைச் சொன்னாள், இரண்டு மெஷின்களைச் சொன்னாள், துறைமுகத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்த அம்மாவைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, எந்த வீட்டிலும் யாருக்கும் புரியாத தொழில் வார்த்தைகளாகவே வாயில் வந்தன. ஒரு கட்டத்தில் அவளே நிறுத்திக்கொண்டாள்.

"அந்த மெஷின் உன்னோடதா?" என்று கேட்டான்.

"நான் பார்த்துக்கற மெஷின்தான்."

"அது என்னைக் கூப்பிட்டுச்சு."

"ஆமா."

"நீ வேணாம்னு சொல்லிட்ட."

"நான் வேணாம்னு சொல்லலடா. எது நின்னிருக்கணும்னு கேட்டாங்க..."

"அதேதானேக்கா" என்றான்.

சுண்டுவின் மனைவி எழுந்து நின்றாள். அவள் எப்போதும் அதிர்ந்து பேசாதவள். இப்போதும் மெதுவாகத்தான் கேட்டாள். "நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா, அக்கா? சும்மா வாயை மூடிட்டு இருந்திருந்தா?"

லைன் மேடத்திடம் அதற்குப் பதில் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் இரண்டு ஆஸ்பத்திரிகளும் இழுத்துக்கொண்டிருக்கும், ஐஸ் பெட்டியில் அது கெட்டுப்போய் இரண்டு பேருக்குமே இல்லாமல் போயிருக்கும், இல்லையென்றால் பொருந்த வேறு வழியே இல்லாத ஒருத்தியிடமிருந்து பிடுங்கியதாக ஆகியிருக்கும். எல்லாம் சரியான பதில்கள். அந்த அறையில், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக, அதில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. பேசாமல் இருந்திருந்தால் ஒருவேளை சுண்டுவுக்குக் கிடைத்திருக்கவும் கூடும். அதுவும் உண்மைதான்.

சுண்டு தொப்பியைக் கழற்றினான். அதைச் சின்னதாக, மிகச் சின்னதாக மடித்தான்.

"அப்போ சாப்பிடலாமா?" என்றான் மனைவியிடம். "பசிக்குது."

அவள் வெளியே ஓடினாள். எதையாவது வாங்கி வரப் போகிறாள் என்று நினைத்தார்கள். தாழ்வாரத்தின் கோடியில் அவள் சுவரில் நெற்றியை வைத்து நிற்பது கதவின் கண்ணாடியில் தெரிந்தது. லைன் மேடம் தம்பியின் தோளைத் தொடப் போனாள்.

"இப்ப வேணாம்க்கா" என்றான். "நீ போ. உனக்கு வேலை இருக்கும்."

வேலை இருக்கத்தான் செய்தது. சாயங்காலம் கேபிள்கள் ஒட்டப்பட்டு இரண்டு லைன்களும் பச்சையாயின. பிரிந்துபோன இரண்டு சர்வர்களையும் ஒன்று சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் அன்றைய நாள் வெவ்வேறாக நடந்திருந்தது. அதில் ஒரு நாளை அழித்தால்தான் மற்றதோடு சேர முடியும். மலையடி சர்வரின் கடவுச்சொல் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. கப்பல் அதற்குள் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார்.

"மேடம், நான் வேணா அங்க வந்து பண்ணித் தரட்டுமா? விடியறதுக்குள்ள வந்துடுவேன்."

"அதுவரைக்கும் பட்டியல் ஒத்தை மெஷின்ல ஓட முடியாது சார். நானே பண்ணிடறேன்."

திரையில் கேள்வி வந்தது. பிரிவுக்குப் பின் இந்தப் பக்கத்தில் பதிவான அனைத்தும் நீக்கப்படும், தொடரலாமா? அழியப் போவது எது என்று பார்க்க ஒரு வசதியும் இருந்தது. அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு ஒதுக்கீடு. தம்பியின் முழுப் பெயர், அப்பா பெயர், ரத்தப் பிரிவு, 'ஏற்றுக்கொண்டார்' என்ற சொல். அவன் டாக்சிக்குக் காத்திருந்தபோது ஃபோனில் அழுத்திய பதில் அது.

ஆபரேட்டர் பெண் பின்னால் வந்து நின்று, "டீ கொண்டு வரட்டுமா மேடம்?" என்றாள்.

"வேணாம்மா" என்று சொல்லி, தொடரலாம் என்பதை அழுத்தினாள். அது முடிய வெகுநேரம் ஆகும் என்று நினைத்திருந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு விசாரணை நடந்தது. நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சர்வரை நிற்கவிடாமல் செய்த மாற்றத்தைப் பற்றிக் கேட்டபோது, இயக்குநர் தண்ணீர் குடித்துவிட்டு, "அது அன்னிக்கு இருந்த சூழ்நிலை" என்றார். அவள் எழுதிக் கொடுத்த இரண்டையும் காட்டினாள். எல்லோரும் படித்தார்கள், வருத்தத்தோடு தலையாட்டினார்கள். சர்வரைப் பழையபடி நிற்கும் விதிக்கே மாற்றினார்கள். இரண்டு கம்பெனிகளும் வேறு பாதை தருவதாக ஒப்புக்கொண்டு, புதுப்புது வண்ணங்களில் மேப் கொடுத்தன. இந்தத் தடவை லைன் மேடம் வண்டியை எடுத்துக்கொண்டு பாதை முழுக்க நேரில் போய்ப் பார்த்தாள். ஊருக்குள் இரண்டும் தனித்தனித் தெருவில்தான் போயின. ஆற்றங்கரைக்கு வந்ததும் ஒன்று சேர்ந்தன. ஆற்றுக்கு அந்த ஒரு பாலம்தான். இன்னொரு பாலம் கட்டுவது பற்றி யாரைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து அதையும் எழுதிக் கொடுத்தாள். 'பார்த்தேன்' என்று பதில் வந்தது.

சுண்டு அவளோடு பேசுவதை நிறுத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஃபோன் செய்தால் எடுத்தான், சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்றான். மாடி, படி என்று கேலி பண்ணுவது மட்டும் நின்றுபோயிற்று. அவன் மனைவி கதவைத் திறந்து, "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள், சுண்டுவின் மனைவிக்குக் காய்ச்சல் என்று லைன் மேடம் அவனை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனாள். நர்ஸ் ஊசி குத்தி, குழாயை மாட்டிவிட்டுப் போனாள். அவனுடைய ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பேச்சு எதையும் எடுக்கத் துணியாமல், அவன் செருப்பைக் கட்டிலுக்கடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்தாள்.

"அக்கா."

"என்னடா?"

"அன்னிக்கு அது என்னைக் கூப்பிட்டது... அது தப்பான கணக்கா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இல்ல. அதுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரியான கணக்குதான். அன்னிக்குக் காலை வரைக்கும் நீதான் முதல் ஆள்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அந்தச் சேதியால் அவனுக்குச் சந்தோஷமா, இன்னும் வலிக்கிறதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இப்ப எத்தனாவது?"

"பார்க்கலடா. பார்க்க மாட்டேன்."

"தெரியும்" என்றான். பிறகு, "அந்தக் கண்ணாடிக் கடை அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டான்.

"அதெல்லாம் நான் வெளிய சொல்லக்கூடாது."

"சொல்லாத. நல்லா இருந்தா தலையை ஆட்டு."

அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையை ஆட்டினாள்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மெஷின் ஓடியது. அவன் தூங்கிவிட்டான் என்று அவள் நினைத்தபோது, திரும்பாமலேயே, "அந்தப் போர்வையை இழுத்து விடு, குளுருது" என்றான். அவள் எழுந்து, குழாயில் படாமல், போர்வையை அவன் கழுத்து வரை இழுத்து விட்டாள்.